அச்சில் ஏறிய விதைப்பு

— காலண்டர்ல அச்சாயிருச்சுக்கா. இனிமே என்ன செய்யச் சொல்றீங்க?

— அச்சாயிட்டா? மண்ணு என்ன உங்க பிரஸ்லயா வேலை பாக்குது, மொதலாளி சொன்னாருன்னு தலையாட்ட?

— பொன்மணிக்கா, ஒரு நிமிசம். கோவப்படாம கேளுங்க. புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை, கரிசக்காட்டு விதைப்புத் திருவிழா. நம்ம ஊர்ப் பேரைப் போட்டு அடிச்சிருக்கோம். மதுரை, திருப்பூர், மெட்ராஸ்னு எத்தனை வீட்டுச் சுவத்துல அது தொங்குது! அதைப் பாத்துட்டுத்தான் நாளைக்கு ஒரு பஸ் நிறைய ஆள் வருது. விதைப்பைப் பாக்க வர்றவங்ககிட்ட விதைப்பு இல்லைன்னு எப்படிச் சொல்றது?

— அதத்தான் தருண் தம்பி நானும் கேக்கேன். போன வருசம் ஆடி மாசத்துல ஒக்காந்துக்கிட்டு, இந்த வருசம் புரட்டாசியில எந்த நாளு விதைக்கணும்னு எப்படிக் கண்டுபிடிச்சீக?

— எல்லாக் காலண்டருக்கும் அதுதான் வழக்கம். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்த ஆல்பம் வெளிய வந்தாகணும். அதுக்குள்ள முகூர்த்தம், விரதம், திருவிழா எல்லாம் ஏத்திருவோம். இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளியப் போடுறோம்ல? அதே மாதிரி இதையும் போட்டா ஊருக்கு ஒரு பேரு நிக்கும்னு நெனச்சேன்.

— மாரியம்மா கோயில்ல குடியிருக்கா. எந்த வெள்ளிக்கிழம போனாலும் இருப்பா. மழை அப்படியா இருக்கு?

— சரி, தப்புதான். அடுத்த வருசம் நாளே போடல. ‘மழை பார்த்து’ன்னு மட்டும் போடுறேன், போதுமா?

— அடுத்த வருசத்துக்கு இந்த ஆடியிலயே ஆல்பம் வந்திருக்குமே?

— ஆமா. வந்திருச்சு.

— அதுலயும் ஒரு நாளு இருக்கா?

— இருக்குக்கா.

— ஆத்தாடி! இன்னும் பொறக்காத பிள்ளைக்குப் பேரு வச்சு, சடங்குக்கும் நாள் குறிச்சாச்சா? சரி, அந்தப் பெட்சீட்டு முனையப் பிடிங்க. இன்னும் நாலு கட்டில் கெடக்கு. பேசிக்கிட்டே விரிப்போம்.

— இந்த ரூம்லதானே நீங்க முன்னாடி வேலை பாத்தது?

— இதேதான். உங்க தாத்தா தீப்பெட்டி ஆபீஸ் நடத்துனப்ப, இந்தச் சன்னலுக்குக் கீழ ஒக்காந்துதான் சட்டத்துல குச்சி அடுக்குவேன். இப்ப விருந்தாளிக தங்க மெத்தை போட்டு ஏசி வச்சிருக்கீக. அது கெடக்கட்டும். வெளிய மாட்டியிருக்குற போர்டுல என் போட்டோவுக்குக் கீழ ‘பரம்பரை விவசாயி’ன்னு போட்டிருக்காமே?

— உங்க அப்பா காட்டு வேலை பாத்தவர்தானே?

— அடுத்தவுக காட்டுல கூலிக்கு நின்னாக. நான் பாவாட கட்டுன வயசுல தீப்பெட்டிக்கு வந்துட்டேன். அப்புறம் விஸ்வநத்தத்துப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. மண்ணத் தொட்டு மூணு வருசந்தான் ஆகுது. போன மாசம் ஒரு அம்மா வந்து, ‘இதெல்லாம் உங்க ரத்தத்துலயே இருக்கு’ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுகுது. ரத்தத்த எடுத்துப் பாத்தா அலுமினியப் பவுடருதான் இருக்கும்னு சொல்ல வந்தேன். பாவம்னு விட்டுட்டேன்.

— நல்லவேளை சொல்லல. அவங்க நாளைக்கும் வர்றாங்க.

— அவுகளா? ‘உழவுமாடு எங்க, உழவுமாடு எங்க’ன்னு கேட்டுத் தொளைச்சது அவுகதானே? நீங்ககூட யாருட்டயோ ஒரு சோடிய வாடகைக்குப் பிடிச்சு வந்து நிப்பாட்டுனீக. அது உழவே பாக்காத மாடு. ஏர மாட்டவும் ரோட்டப் பாத்து நடையக் கட்டிருச்சு.

— அதை விடுங்கக்கா. அதுக்கப்புறம் மாடு பிடிச்சு வந்தேனா? நீங்க சொன்னதை நான் கேக்காம இருந்திருக்கேனா? குளிக்கிற தண்ணி அம்புட்டும் சாக்கடைக்குப் போகுது, ஒரு பாத்தி கத்திரிக்கா பொழைக்கும்னு சொன்னீங்க. ஷவரப் பிடுங்கிட்டு ஆளுக்கு ஒரு வாளின்னு வச்சேன். தண்ணிய வாய்க்கா வெட்டித் தோட்டத்துக்குத் திருப்பினேன்.

— திருப்புனீக. இல்லைங்கல.

— அதே மாதிரி இப்ப நான் சொல்றதையும் கேளுங்க. நீங்களும் புதுசு, நானும் புதுசு. ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்லதான் ஒக்காந்து படிச்சோம். அந்த விவசாய ஆபீசர் என்ன சொன்னாரு? புழுதியில விதைக்கலாம்னாரு. நல்லாக் காஞ்ச மண்ணுல விதையப் போட்டு மூடிட்டா, அது பாட்டுக்குத் தூங்கும், மழை எப்ப வருதோ அப்ப முளைச்சுக்கிடும்னாரு. நாளைக்கு அதையே செய்வோம்.

— புழுதி எங்க இருக்கு? நேத்து ராத்திரிதான் தூத்தல் போட்டுக் கெடுத்துருச்சே. வெடியக்காலம் காட்டுக்குப் போயிக் கைய விட்டுப் பாத்துட்டுத்தான் இங்கன வந்தேன். மேல ரெண்டு வெரக்கட ஈரம். அதுக்குக் கீழ அடுப்புச் சாம்பலாட்டம் காஞ்சு கெடக்கு. இதுல போட்டா விதை ஏமாந்து போயி முளைச்சிரும். நாலு நா வெயிலடிச்சா அம்புட்டும் கருகிரும்.

— தெரியும்க்கா. போன வருசம் நானும் பக்கத்துல நின்னு பாத்தவன்தானே.

— பாத்தீகல்ல? பச்சப்பசேல்னு வந்துச்சு. நீங்களும் போட்டோ எடுத்துப் போட்டீக, ஊரெல்லாம் ஆஹா ஓஹோன்னாக. மறு வாரம் வைக்கோலு நெறத்துக்கு மாறிப்போச்சு. கம்மாக்கரை ஓரமா ஒரு துண்டு தப்பிச்சு நின்னுச்சு. அதுல எடுத்ததுதான் இப்ப இருக்குற குதிரைவாலி விதை.

— ஒருவேளை நாளை மறுநாள் நல்ல மழை வந்துட்டா?

— வருமா? நீங்கதான் போன்ல பாக்கீகளே.

— பத்து நாளைக்கு இல்லைங்குது.

— பொறகென்ன?

— அதே போன் ஆடியில மழை இல்லைன்னுதான் சொல்லுச்சு. கொட்டித் தள்ளுனதுல இந்தக் கொட்டகைக்குள்ளயே தண்ணி வந்துருச்சு. எதை நம்புறதுன்னு தெரியலக்கா. ஆடியில வெள்ளம், ஐப்பசியில வெயில், மாசியில அறுத்துப் போட்ட கதிரு மேல வந்து பெய்யுது.

— எங்க அப்பா இருந்தாலும் இப்பத் தலையச் சொறிஞ்சுக்கிட்டுத்தான் நின்னுருப்பாக. அதுக்காக இருக்குறதையும் தூக்கிப் போட்டுற முடியுமா?

— வேற விதை வாங்கிக்கிட்டா?

— எங்கன? கடையில விக்கிற குதிரைவாலி, தோலத் தீட்டுன அரிசி. அது முளைக்காது. மொத வருசம் விவசாய ஆபீஸ்ல குடுத்தாகளே ஒரு ரகம், அது தண்ணி தண்ணின்னே செத்துச்சு. இது அந்தக் காய்ச்சல்லயும் நின்னு பொழைச்ச பயிர்ல எடுத்தது. இருக்குறது பூராம் எங்க வீட்டு டிரம்முலதான். நாங்க ஆறு பொம்பளைக காட்டுக்கும் சேத்து அதுக்குள்ளதான் வேப்பெல போட்டு மூடி வச்சிருக்கேன்.

— நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கம்மாயில சீமைக்கருவேலத்தப் பிடுங்குனது எப்படி? மடைய மராமத்துப் பாத்தது எப்படி? வந்துட்டுப் போற ஆளுங்களாலதான். ரெண்டு வருசம் வெள்ளாமை பொய்ச்சும் நீங்க ஆறு பேரும் பட்டாசுக்குத் திரும்பாம இருக்கீங்கன்னா, அவங்க இங்க வந்து தங்கி உங்க கையால சாப்புட்டுப் போறதுனாலதான். நாளைக்கு ஒண்ணுமில்லாம திருப்பி அனுப்புனா அடுத்து யாரு வருவா? எங்க அப்பா ஏற்கனவே, ‘மெத்த போட்டு வெளையாண்டது போதும், சரக்கு அடுக்கக் கொட்டகையத் தா’ன்னு நிக்காரு.

— உங்கள உங்க அப்பா கேக்காக. என்னைய எங்க வீட்டுக்காரவுக கேக்காக. ‘மூணு வருசம் பாத்தாச்சு பொன்மணி. இந்த வெள்ளாமை வீடு வந்து சேந்தா நீ காட்டுலயே இரு, நான் வாயத் தொறக்க மாட்டேன். சேரலைன்னா மறுபடி கம்பெனிக்கு வண்டி ஏறிரு’ன்னுட்டாக. நானும் சாமி படத்துக்கு முன்னாடி நின்னு சரின்னுட்டேன். மத்த அஞ்சு வீட்டுலயும் இதே பேச்சுதான்.

— பாலகுருண்ணனா? அவரா அப்படிச் சொன்னாரு?

— அவுகளையும் குத்தஞ்சொல்ல முடியாது. வீட்டுல ஒத்தச் சம்பளம். அதுவும் கம்பெனிக் களத்துல பட்டாசுச் சரக்கு காயப் போடுற வேலை. மழை பேஞ்சா லீவு, லீவுன்னா கூலி கெடையாது. நான் மழை கேக்கேன், அவுக வெயிலு கேக்காக. ஆடிக் கடைசி வெள்ளிக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் இருக்கன்குடி போனோம். நான் மாவிளக்கு வச்சு, ‘ஆத்தா, இந்த வருசமாவது மழையக் குடு’ன்னு கும்புடுதேன். பக்கத்துலயே அவுக கண்ண மூடிக்கிட்டு, ‘தீவாளி வரைக்கும் ஒரு சொட்டு விழுகக் கூடாது தாயே’ங்குறாக.

— ரெண்டு பேரும் இப்படி மாத்தி மாத்திக் கேட்டா அம்மன் என்னதான் செய்யும்?

— அதான் நேத்துச் செஞ்சாளே. தூத்தல் போட்டா. அவுக சரக்கக் கெடுக்குற அளவுக்கு மழை, என் விதைக்குக் காணாத அளவுக்கு மழை. ரெண்டு பேருக்கும் இல்லாம ஆக்கிட்டா.

— உங்களுக்கு இந்த நேரத்துலயும் எப்படிக்கா சிரிப்பு வருது?

— அழுதா மட்டும் ஈரம் எறங்கிருமா?

— நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. கம்பெனிக்குத் திரும்புறது அம்புட்டுக் கஷ்டமா? ஊருல பாதிப் பேரு போய்ட்டுத்தானே வர்றாங்க? எங்க வீட்டுச் சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு அதுதான் தொழிலு.

— கஷ்டம் இல்ல தம்பி, பயம். முந்தி பயம்னா என்னன்னே தெரியாது. வண்டி வரும், ஏறுவோம், வருவோம். ஒருநா பக்கத்து ஷெட்டு வெடிச்சுப் போயிருச்சு. நாங்க ஓடி வேலிக்கு அங்கிட்டுப் போயி விழுந்தோம். எந்திரிச்சுத் திரும்பிப் பாக்கேன், எங்க தூக்குவாளியெல்லாம் வச்ச எடத்துலயே இருக்கு. நாகஜோதிய மட்டும் காணோம். என் பக்கத்துல ஒக்காந்து திரி வைக்கிறவ, சரக்கு எடுக்க அந்த ஷெட்டுக்குப் போயிருந்தா. மூணாம் நா அதே வண்டி தெருமுக்குல வந்து நின்னு ஹாரன் அடிக்குது, வேலைக்கு வாங்கன்னு. அன்னைக்கு நின்னவதான் நான்.

— எனக்கு இது தெரியாதுக்கா.

— போர்டுல போடுற விசயமா இது? இப்பவும் வெடியக்காலம் அந்த ஹாரன் கேட்டா ரெண்டு காதையும் பொத்திக்கிடுவேன். அவுகள ஏத்தி விட்டுட்டு, சாயங்காலம் வந்து வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தம் கேக்குற வரைக்கும் சோறு எறங்காது. காட்டுல நிக்கையில மட்டுந்தான் அந்த நெனப்பு இல்லாம இருக்கேன். மறுபடி அதுல ஏறுன்னா என்னால முடியாது தம்பி. ஏறுனா நான் பாதி செத்துருவேன்.

— சரி. இப்படிச் செய்வோமா?

— எப்படி?

— முழுக் காட்டுலயும் வேண்டாம். ரோட்டோரம் ஒரு துண்டு மட்டும். ஒரே ஒரு படி விதை. வர்றவங்க ஆளுக்கு ஒரு கை போடட்டும். மிச்சம் பூராம் டிரம்முலயே இருக்கட்டும். நல்லா எறங்கி ஒரு மழை பெய்யட்டும். அது ஐப்பசியானாலும் சரி, கார்த்திகையானாலும் சரி, அன்னைக்கு விதைப்போம்.

— அந்த ஒரு படியும் கருகத்தானே போகுது? சின்னச் சின்னப் பிள்ளைகளக் கூட்டிட்டு வருவாக. அதுக கையில குடுத்து, சாகப்போற விதையப் போடச் சொல்றது ஒரு மாதிரி இருக்கு.

— அப்ப சொல்லிட்டே குடுப்போம். பஸ்ஸ விட்டு எறங்குனதுமே நான் சொல்லுறேன். ‘நாங்க நாளத் தப்பா அச்சடிச்சுட்டோம். மழை இப்பல்லாம் இப்படித்தான் ஏமாத்துது. மண்ணுக்குள்ள கைய விட்டு நீங்களே பாருங்க’ன்னு.

— கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா?

— போறவங்க போகட்டும்.

— நெசமாத்தான் சொல்லுதீகளா?

— எங்க அப்பா காதுல விழுந்தா வையத்தான் செய்வாரு. வஞ்சுட்டுப் போறாரு. விதை பொழைச்சுக் கெடந்தா மாசியில கதிரக் காட்டலாம். அதுவும் போச்சுன்னா வர்றவங்களுக்கு எதைக் காட்டுறது, இந்தக் கட்டிலையா?

— நல்லா இருப்பீக தம்பி. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. வெடிஞ்சதுல இருந்து கட்டில் கட்டிலா விரிக்கேன். கைதான் வேலை பாக்குது, மனசு பூராம் அந்த டிரம்முக்குள்ளதான் கெடக்கு.

— நீங்க வீட்டுக்குப் போயி அந்த ஒரு படிய அளந்து எடுத்துட்டு வந்துருங்க. மிச்சத்த நான் விரிச்சுக்கிடுறேன்.

— வாறேன். யாரது வாசல்ல? ஆத்தாடி, நீங்களா! கம்பெனிக்குப் போகலையா? இதென்ன கோலம், முழங்கால் வரைக்கும் கரிசல் அப்பிக் கெடக்கு?

— கத்தாத, சொல்லுதேன். சின்ன மொதலாளி, மெத்தையெல்லாம் வெள்ளையா விரிச்சிருக்கீக, நான் இப்படி வாசல்லயே நிக்கேன். ஏ பொன்மணி, மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடு.

— உள்ள வாங்க பாலகுருண்ணே, பரவாயில்ல.

— இருக்கட்டும், இருக்கட்டும்.

— இந்தாங்க, குடிங்க. என்ன ஆச்சு? கம்பெனியில எதுவும்...

— ஒண்ணும் ஆகல, நீ பயப்படாத. நேத்து விழுந்த தூத்தல்ல காயப் போட்ட சரக்கு அம்புட்டும் நமுத்துப் போச்சு. காலையில போய் எறங்குன ஒடனே இன்னைக்கு லீவுன்னு திருப்பி விட்டுட்டாக. இனி வெயிலுதான், நாளைக்குக் கட்டாயம் வந்துருங்கன்னு சொன்னாக. தீவாளி லோடு நிக்குதுல்ல.

— பொறகு இந்த மண்ணு ஏது?

— அதத்தான் சொல்ல வாறேன், பாத்துக்கோ. வீட்டுக்கு வந்து சும்மா மல்லாந்து படுத்தேனா, எதுத்தாப்புல காலண்டரு. நாளைக்கு உன் திருவிழான்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு. நாளைக்கு எனக்கு வேலை, வர முடியாது. மூணு வருசத்துல ஒரு நாளாச்சும் உன் காட்டுல எறங்கி நின்னுருக்கேனா? உன்னைய வஞ்சதுதான் மிச்சம். அன்னைக்கு வேற, வண்டி ஏறிருன்னு வாய் தவறிப் பேசிட்டேன். நீயும் சரின்னுட்ட. ராத்திரி பூராம் எனக்குத் தூக்கமே இல்ல, பாத்துக்கோ.

— அது கெடக்கட்டும். என்ன செஞ்சீக?

— செல்லச்சாமி, பாண்டிராஜ், எல்லாருக்கும் இன்னைக்கு லீவுதானே? வாங்கலே, நம்ம வீட்டுப் பொம்பளைக பாடாப் படுதாக, ஒரு கை குடுத்துட்டு வருவோம்னு கூப்புட்டேன். பாண்டிராஜ் அவன் மச்சான் டிராக்டர ஓட்டிட்டு வந்துட்டான். மண்ணும் நல்லா ஈரமா இருந்துச்சு. எனக்கு ஈரம்னா சரக்கு கெட்டுப்போகும்னுதான் தெரியும். ஆனா மண்ணுக்கு ஈரம் நல்லதுதானே?

— அண்ணே, விதை ஏதுண்ணே?

— டிரம்முல இருந்துச்சே தம்பி. உங்க விருந்தாளிக வந்து மிதிச்சு நாசம் பண்ணுறதுக்கு முன்னாடி, நம்ம ஆளுகளே பக்குவமா முடிச்சாச்சு. அவுகளுக்கு ஒரு சட்டி மணல அள்ளிக் குடுங்க, போட்டோவுல என்ன வித்தியாசமா தெரியப் போகுது?

— எம்புட்டு எடுத்தீக?

— என்னது?

— டிரம்முல இருந்து எம்புட்டு விதை எடுத்தீகன்னு கேக்கேன்.

— பூராந்தான். கவுத்தித் தட்டி எடுத்துட்டோம்ல! ஆறு பேரு காடும் முடிஞ்சுது. இனி நீ குனிஞ்சு நிமிரவே வேண்டாம், பாத்துக்கோ.

— பாலகுருண்ணே, என்ன காரியம்...

— தம்பி. நீங்க சும்மா இருங்க.

— இல்லக்கா, அவருக்கு வெவரம் தெரியணும்ல...

— சும்மா இருங்கன்னு சொல்லுதேன்ல.

— ஏ பொன்மணி, என்ன, மறுபடி பெட்சீட்ட எடுத்துக்கிட்ட? சந்தோசப்படுவன்னு ஓட்டமும் நடையுமா வந்தேன். அங்கன ஏதும் தப்பா விதைச்சுட்டேனா?

— இல்ல. நல்லாத்தான் விதைச்சிருக்கீக. காலையில கம்பெனி வண்டியில எனக்கும் ஒரு எடம் சொல்லி வைங்க.